குழலைத் துடைக்கும் கோல்

சென்ற ஞாயிறன்று காலையில், ஜூ டவுன் மிளகுக் கிடங்கொன்றில் பணிபுரியும் நம் சங்க அன்பர் ஒருவர் நம் இல்லம் தேடி வந்தார். அவர் கையில் நீண்டதொரு குடைக்கம்பி. அதன் நுனியில் பழைய வேட்டித் துணி சுற்றப்பட்டிருந்தது. "சார், பெண்ணுக்குத் துப்பாக்கி துடைக்க இது போதுமா, பாருங்கள்" என்றார். நாம் திகைத்துப் போனோம்.

பின்னர் விவரம் தெரிந்தது. கல்லூரியில் பயிலும் அவர் மகள், துப்பாக்கி சுடும் கழகமொன்றில் பத்து மீட்டர் ஏர் ரைபிள் பயில்கிறாள். துப்பாக்கி கழகத்துக்குரியது, துடைக்கும் சாமான்களை மட்டும் அவரவரே கொண்டுவர வேண்டும். விலை கேட்டு மலைத்த தந்தை, வீட்டிலிருந்த குடையொன்றைப் பிரித்துவிட்டார். பள்ளிப் பருவத்தில் என்.சி.சி.யில் துப்பாக்கி துடைத்தவர் நாம் என்பது அவருக்குத் தெரியும். அதனால் நம்மிடம் வந்தார்.

"அண்ணே, இந்தக் கம்பி உள்ளே போகக் கூடாது" என்றோம். காரணத்தை நேயர்களுக்கும் கூறுவோம்.

ரைபிள் குழலின் உட்புறம் வழவழப்பானதன்று. திருகாணியின் மரை போல, நீண்டு சுழன்று செல்லும் பள்ளங்கள் அதில் வெட்டப்பட்டுள்ளன. அவையே குண்டைச் சுழலச் செய்து நேர்வழியில் செலுத்துகின்றன. குண்டு கடைசியாகத் தொட்டுப் பிரியும் இடம் குழலின் வாய் விளிம்பு. அவ்விளிம்பு ஒரு பக்கம் தேய்ந்தாலும் குறி தவறும். எஃகுக் கம்பி வளைந்து அங்கே உராயுமாயின், அழுக்கினால் நேராத கேடு துடைப்பதனால் நேர்ந்துவிடும்.

நம் தெருவின் பழம்பொருட் கடையொன்றில் வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் பழந்துப்பாக்கி ஒன்றைக் கண்டிருக்கிறோம். குழலின் அடியில் ஒரு கோல் செருகியிருக்கும். மருந்தையும் குண்டையும் இடிப்பதற்கும், பின்பு குழலைத் துடைப்பதற்கும் அது ஒன்றே கருவி. 1857-இல் பெருங்கிளர்ச்சிக்குக் காரணமாயிருந்த தோட்டாக்கள், 1853-ஆம் ஆண்டு மாதிரியைச் சேர்ந்த அத்தகைய என்ஃபீல்டு துப்பாக்கிக்கு உரியவையே. அதில் எல்லாம் வாய்வழியே சென்றாக வேண்டியிருந்தது. பின்புறம் திறக்கும் துப்பாக்கிகள் வந்தபின் அந்தக் கட்டாயம் நீங்கிற்று.

பின்வந்த லீ-என்ஃபீல்டு .303 ரைபிளின் கட்டைக்குள்ளே ஓர் எண்ணெய்க் குப்பியும், 'புல்-த்ரூ' என்னும் இழுகயிறும் இருக்கும். கயிற்றின் ஒரு நுனியில் பித்தளை எடை. அதனைப் பின்புறமாக உள்ளே விட்டு, வாய்ப்புறத்தில் பிடித்து இழுப்பர். மறுநுனியில் கோத்த துணி, குண்டு செல்லும் திசையிலேயே சென்று அழுக்கை வெளியேற்றும்.

அக்காலத் தோட்டாவின் கேப்பில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது எரிந்தபின் ஒருவகை உப்பு குழலில் படியும். உப்பு ஈரத்தை இழுக்கும். ஈரம் துருவைத் தரும். கொச்சியின் கடற்காற்றில் சன்னல் கம்பிகள் துருவேறுவதைக் காணும் நமக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. உப்பு எண்ணெயில் கரையாது, நீரில் கரையும். ஆகவே சிப்பாய்கள் முதலில் கொதிநீர் ஊற்றிக் கழுவி, நன்கு உலர்த்தி, அதன் பின்னரே எண்ணெய் இட்டனர். இக்காலத்து .22 தோட்டாக்களில் இந்த உப்புத் தொல்லை பெரும்பாலும் இல்லை.

கருவி வாங்குவோர் இவற்றைக் கவனிக்க. கோல் ஒரே துண்டாக இருப்பது நலம். மரையிட்டு இணைக்கும் கோலில் மூட்டுகள் துருத்தி உராயும். மேலே பிளாஸ்டிக் பூச்சுள்ளதாயின் அவ்வப்போது துடைத்தெடுக்க வேண்டும். மணல் ஒட்டினால் அதுவே அரமாகிவிடும். பின்புறத்தில் வைக்கும் வழிகாட்டிக் குழாய் கோலை நடுவில் நிறுத்தும். பிரஷ் வெண்கலத்தாலோ நைலானாலோ ஆனதாக இருக்கட்டும். எஃகுப் பிரஷ் வேண்டா. குழலின் நடுவில் பிரஷைத் திருப்பி இழுத்தல் கூடாது. குழலின் அளவுக்கு ஏற்ற கருவியையே கேட்டு வாங்குக.

ஏர் ரைபிளின் சங்கதி இன்னும் எளிது. அதில் வெடிமருந்தே இல்லை, 4.5 மில்லிமீட்டர் குழலில் படிவது சிறிது ஈயமே. வெண்கலப் பிரஷும் கடுமையான கரைப்பானும் வேண்டுவதில்லை. எண்ணெய் மிகுந்தால் உள்ளிருக்கும் ரப்பர் வளையங்கள் கெடும். நைலான் நரம்பொன்றை இரண்டாக மடித்து, நுனிகளைப் பின்புறமாகச் செலுத்தி, மடிப்பில் சிறு பருத்தித் துணியைச் செருகி, வாய்ப்புறமாக இழுத்தால் போதும்.

எத்துப்பாக்கியாயினும் துடைக்குமுன் செய்ய வேண்டியது ஒன்றுண்டு: உள்ளே குண்டில்லை என்பதைக் கண்ணால் கண்டு உறுதி செய்தல். "நேற்றே பார்த்தேன்" என்பது செல்லாது. துடைத்தபின் கையைச் சோப்பிட்டுக் கழுவுக; ஈயம் நஞ்சு.

இவ்வளவும் கேட்ட அன்பர், "நரம்பென்றால் தூண்டில் நரம்பா சார்?" என்றார். ஆம், தடித்த தூண்டில் நரம்பே! மட்டாஞ்சேரியில் அதற்கா பஞ்சம்? இருவரும் கடைத்தெருவுக்குச் சென்று இரண்டு முழம் வாங்கினோம். பயிற்சியாளரிடம் காட்டி அனுமதி பெற்ற பிறகே பயன்படுத்தும்படி சொல்லி அனுப்பினோம்.

கடலூரில் 1999-இல் பிறந்து, குஜராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன், 2019-இல் ரியோ நகரில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் இதே பத்து மீட்டர் ஏர் ரைபிளில் தங்கம் வென்றார். ஊர்விட்டு ஊர் வந்த குடும்பத்துப் பெண்தான் அவரும். நம் அன்பரின் மகள் எவ்வளவு தூரம் செல்வாள் என்பதை நாம் அறியோம். இரவல் துப்பாக்கியைப் பழுதின்றித் திருப்பித் தரும் பழக்கத்தோடு அவள் தொடங்கியிருக்கிறாள். அதுவே நமக்கு மகிழ்ச்சி.

குடைக்கம்பி குடைக்கே திரும்பிச் சென்றது. மழைக்காலம் வருகிறதல்லவா?