ஐம்பது வெள்ளியும் ஒரு நாரையும்

மூன்று வாரங்களுக்கு முன் காலை நிகழ்ச்சியில் ஒரு நேயர் அழைத்தார். கூலிமிலிருந்து பேசுவதாகச் சொன்னார். குரலில் கொஞ்சம் தயக்கம்.

"அண்ணே, என் பையனுக்குப் பன்னிரண்டு வயசு. பறவை பாக்கப் போகணும், பைனாகுலர் வாங்கித் தாங்கன்னு நச்சரிக்கிறான். அதெல்லாம் வசதி உள்ளவங்க பொழுதுபோக்குதானே? நமக்குச் சரிப்படுமா?"

அடுத்த பாட்டுக்கு இருபது விநாடிதான் இருந்தது. "தாராளமா சரிப்படும்மா, அனுப்பி வையுங்க" என்று சொல்லிவிட்டுப் பாட்டைப் போட்டேன். ஆனால் அன்று முழுவதும் அந்தக் கேள்வி மனத்தைவிட்டுப் போகவில்லை. சரிப்படும் என்று வானொலியில் சொல்லிவிடலாம். எவ்வளவு ஆகும், எங்கே போவது, யார் கூட்டிப்போவது? அதைச் சொல்லாமல் விட்டால் அது பதிலாகுமா?

அதனால் போன சனிக்கிழமை கையில் ஐம்பது வெள்ளி எடுத்துக்கொண்டேன். துணைக்கு அப்பா. அவருக்கு வயது எழுபத்தொன்று. பீடோங் பக்கத் தோட்டத்தில் பிறந்து, பால் வெட்டி, பிறகு செம்பனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சுங்கை பட்டாணி அடுக்குமாடி வீட்டுக்கு வந்த பிறகு அவர் பேசுவது குறைந்துவிட்டது. "பறவை பாக்கப் போறோம்" என்றதும், "பறவையைப் பாக்க ரயில்ல போகணுமா?" என்று கேட்டார். ஆனால் எனக்கு முன்னால் சட்டையைப் போட்டுக்கொண்டு தயாராக நின்றார்.

சுங்கை பட்டாணியிலிருந்து அலோர் ஸ்டாருக்குக் கொமூட்டர் ரயில். குரூண் தாண்டியதும் இடப்பக்கச் சன்னலோரம் உட்காருங்கள். குனோங் ஜெராய் பின்னால் நகர, முன்னால் வயல்வெளி விரியும். கெடாவை நாட்டின் நெற்களஞ்சியம் என்பது பாடப்புத்தகத்தில் படித்ததுதான். மூடா நீர்ப்பாசனத் திட்டம் மட்டும் ஏறத்தாழ ஒரு லட்சம் ஹெக்டர். பறவைகளுக்கு அது ஒரு லட்சம் ஹெக்டர் சாப்பாட்டுக்கடை.

அலோர் ஸ்டாரில் சித்தப்பா மகனின் காப்சாய் மோட்டாரை வாங்கிக்கொண்டோம். ரொட்டி சானாய், தே தாரேக் என்று பசியாறிவிட்டுக் கோலக் கெடா சாலையில் போய், கால்வாய் ஓரமாக வண்டியை நிறுத்தினோம். ஒரு வயலில் உழவு நடந்துகொண்டிருந்தது. டிராக்டருக்குப் பின்னால் கொக்குகள் கூட்டமாக வந்தன. மின்கம்பியில் வெண்தொண்டை மீன்கொத்தி. சற்றுத் தள்ளி வாலாட்டாமல் உட்கார்ந்திருந்த கரிச்சான். அப்பா ஒவ்வொன்றாகப் பெயர் சொன்னார். கையேட்டைப் புரட்டி நான் சரிபார்ப்பதற்குள் அடுத்ததற்குப் போய்விட்டார்.

பிறகு அவருக்கே தெரியாத ஒன்று வந்தது. சாம்பல் கலந்த வெள்ளை உடம்பு, கறுத்த இறக்கை, நீளக் கால். முப்பது நாற்பது இருக்கும். பைனாகுலரை அவரிடம் கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "என்னடா இது, எல்லாத்துக்கும் வாய் கோணலா இருக்கு? மூட முடியாம நிக்குது" என்றார்.

அதுதான் நத்தை கொத்தி நாரை. அலகின் நுனி சேரும், நடுவில் மட்டும் இடைவெளி இருக்கும். குஞ்சுகளுக்கு இந்த இடைவெளி கிடையாது, வளர வளரத்தான் உண்டாகிறது. நத்தையைப் பிடித்து, அலகின் கூர்நுனியை ஓட்டுக்குள் விட்டுச் சதையை அறுத்து எடுத்துவிடும். தமிழ்நாட்டில் வேடந்தாங்கல் போனவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். நம் வயல்களில் அப்பாவின் இளமைக் காலத்தில் இது இல்லை. இந்த நூற்றாண்டில்தான் தாய்லாந்துப் பக்கமிருந்து கூட்டம் கூட்டமாகக் கெடா, பெர்லிஸ் வயல்களுக்கு வரத் தொடங்கியது.

காரணம் வயலுக்குள்ளேயே இருக்கிறது. தென் அமெரிக்காவிலிருந்து வந்த தங்க ஆப்பிள் நத்தை 1990களில் நம் நாட்டு வயல்களில் பரவியது. நாற்றுகளைத் தின்று தீர்க்கும் நத்தை அது. வரப்பிலும் தண்டிலும் ரோசா நிறத்தில் கொத்துக் கொத்தாக ஒட்டியிருக்குமே, அது அதன் முட்டை. விவசாயிக்குத் தலைவலி, நாரைக்கு விருந்து. "அப்போ சம்பளம் இல்லாத வேலைக்காரன்" என்றார் அப்பா.

மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு ரயிலேறினோம். சாயங்காலம் பீடோங் பக்கம் ஒரு தோட்டம். அப்பாவோடு வேலை பார்த்தவர் இன்னும் அங்கே இருக்கிறார், அலுவலகத்தில் சொல்லி அனுமதி வாங்கி வைத்திருந்தார். அனுமதியின் அருமை எனக்குத் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன் வேறொரு தோட்டத்தில் சொல்லாமல் நுழைந்து, கழுத்தில் பைனாகுலரோடு காவலாளியிடம் மாட்டிக்கொண்டேன். "குலை திருட வேவு பாக்கறியா தம்பி?" என்றார். வானொலி அறிவிப்பாளர் என்று சொன்னதை அவர் கடைசிவரை நம்பவில்லை.

செம்பனை வரிசைகளுக்கு நடுவே கம்பத்தின் மேல் ஒரு மரப்பெட்டி. கூகைக்கான கூடு. தோட்டத்தில் நாம் பொதுவாக ஆந்தை என்போம். வெளுத்த இதய வடிவ முகம் உள்ளது கூகை. செம்பனைப் பழத்தைக் கடித்து நாசமாக்கும் எலிகளைப் பிடிக்க, 1980களிலிருந்து நம் தோட்டங்களில் இப்படிப் பெட்டி வைத்து வளர்க்கிறார்கள். ஒரு சோடியும் அதன் குஞ்சுகளும் வருடத்தில் பல நூறு எலிகளைத் தின்றுவிடும். எலிக்குக் கடுமையான விஷம் வைத்தால், விஷம் தின்ற எலியைத் தின்று கூகையும் சாகும்.

இருட்டத் தொடங்கியபோது பெட்டியிலிருந்து வெள்ளையாக ஒன்று சத்தமே இல்லாமல் இறங்கிப் போனது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்பா பேச ஆரம்பித்தார்.

எனக்கு ஏழு வயதிருக்கும்போது பாட்டி படுக்கையில் இருந்தார். ஒருநாள் ராத்திரி லயத்துக் கூரையில் ஆந்தை அலறியது. பக்கத்து வீட்டுக்காரர்கள் கல்லால் அடித்து விரட்டினார்கள். நானும் என் லாஸ்டிக்கை எடுத்துக்கொண்டு ஓடியது நினைவிருக்கிறது. பத்து நாள் கழித்துப் பாட்டி இறந்தார். அன்று லயமே ஆந்தையைத்தான் திட்டியது. என் நினைவில் இருந்தது இவ்வளவுதான்.

எனக்குத் தெரியாத மீதியை அப்பா சொன்னார். அந்த வருடங்களில் பெட்டிகளைப் பார்த்துவருவது அவருடைய வேலை. ஏணி வைத்து ஏறி, முட்டை எத்தனை, குஞ்சு எத்தனை என்று ஒரு நோட்டில் எழுதி அலுவலகத்தில் கொடுப்பாராம். கீழே விழுந்து கிடக்கும் கக்கல் உருண்டையைக் கிள்ளிப் பார்த்தால் எலியின் மண்டையோடு முழுசாக இருக்குமாம். பாட்டி இறந்த மறுவாரம் லயத்து இளைஞர்கள் சிலர் போய் ஒரு பெட்டியை உடைத்துத் தள்ளினார்கள். அப்பா யாருக்கும் தெரியாமல் ராத்திரியில் போய்ப் பலகையை அடித்து மறுபடி ஏற்றினாராம். கூரைமேல் ஆந்தை வந்ததும் அரிசி மூட்டைக்கு வந்த எலியைத் தேடித்தான்.

"அன்னைக்கே ஏம்பா சொல்லல?"

"எழவு வீட்ல ஆந்தைக்கு வக்காலத்து வாங்க முடியுமா?"

முப்பது வருடம் அவர் இதை யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை, நான் உட்பட. தோட்டத்தைவிட்டு வந்தபோது கட்டிலையும் பீரோவையும் லாரியில் ஏற்றினோம். இவருக்குத் தெரிந்த இந்த விஷயங்களை என்ன செய்வது என்று யாரும் யோசிக்கவில்லை.

கூலிம் சகோதரிக்கு இப்போது முழுப் பதில் சொல்கிறேன். அன்றைய செலவு இரண்டு பேருக்கும் ரயில், பெட்ரோல், பசியாறல், மதியச் சாப்பாடு எல்லாம் சேர்த்து நாற்பத்தேழு வெள்ளி சில்லறை. பைனாகுலர் உடனே வேண்டாம். ஒரு மாதம் வெறும் கண்ணால் பார்க்கட்டும். ஆர்வம் நிலைத்தால் 8x42 என்று போட்டதைத் தேடுங்கள். எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடி நாற்பத்திரண்டு மில்லிமீட்டர். என்னுடையது பழையது, நூற்றிருபது வெள்ளிக்கு வாங்கினேன். கைத்தொலைபேசியில் மெர்லின் என்ற இலவசச் செயலி இருக்கிறது, பறவையின் குரலைக் கேட்டே பெயர் சொல்லும். சில நேரம் தவறாகவும் சொல்லும், அதனால் கண்ணால் பார்த்து உறுதி செய்யச் சொல்லுங்கள்.

வெளிச்சம் வரும்போதே வெளியே இருங்கள். பத்து மணிக்கு மேல் வெயிலில் பறவையும் ஒதுங்கிவிடும். செப்டம்பரிலிருந்து ஏப்ரல் வரை வடக்கிலிருந்து வலசை வரும் பறவைகளும் சேரும். தண்ணீர், தொப்பி, நீளக்கை சட்டை, ஒரு சின்ன நோட்டு. கூட்டுக்குப் பக்கத்தில் போக வேண்டாம், தோட்டமென்றால் அனுமதி இல்லாமல் நுழைய வேண்டாம். சின்னப் பிள்ளைகளோடு போக பூஜாங் பள்ளத்தாக்கு நல்ல இடம். 1025இல் சோழர் படை வந்த கடாரம் என்று சண்டியைப் பார்த்துப் படம் எடுத்துவிட்டுத் திரும்புகிறோம். அடுத்த முறை ஒரு மணி நேரம் கூடுதலாக இருந்து, ஓடைக்கு மேலே உள்ள மரங்களையும் பாருங்கள். பக்கத்து ஊர் மெர்போக். மலாயில் அந்தச் சொல்லே ஒரு சின்னப் புறாவின் பெயர்.

'நமக்குச் சரிப்படுமா' என்ற கேள்விக்கு இன்னொரு பதிலும் உண்டு. மேற்கு மலேசியா, சிங்கப்பூர் பறவைகளுக்கு 1999இல் ஆக்ஸ்போர்ட் பதிப்பகம் ஒரு கையேடு வெளியிட்டது. நான் அன்று தூக்கிக்கொண்டு போனது அதைத்தான். எழுதியவர் ஆலன் ஜெயராஜசிங்கம், படங்களை வரைந்தவர் ஆலன் பியர்சன். அட்டையில் முதல் பெயரைப் பையனுக்குக் காட்டுங்கள். அதற்கும் முன்னால், மெடோக் என்ற போலீஸ் அதிகாரி மலாயாப் பறவைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். ஜப்பானியர் காலத்தில் சாங்கியில் கைதியாக இருந்தபடி எழுதியது. வசதி இருந்தால்தான் முடியும் என்பது அங்கேயே அடிபட்டுப் போகிறது.

ஒன்றே ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். பையனைத் தனியே அனுப்பாதீர்கள். வீட்டில் தாத்தாவோ பாட்டியோ இருந்தால் அவர்களையும் கூட்டிப்போங்கள். அவன் செயலியைப் பார்க்கட்டும், அவர்கள் பெயர் சொல்லட்டும்.

அப்பா நேற்று, அடுத்த சனிக்கிழமை எங்கே என்று கேட்டார். யான் பக்கம் கடலோரம் என்றேன். "அந்தப் பழைய நோட்டு எங்கயாவது இருக்கும், தேடிப் பாக்கறேன்" என்று எழுந்து உள்ளே போனார்.