பையன் கையில் சின்ன வண்டி!

பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கிறது கோட்டைக்குப்பம். மீனவர் ஊர். இது போன்ற ஊர்களில் மீன் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஓடுவது சின்ன மொபெட்தான். அதைக் கண்டால் பையன்களுக்குக் கை துறுதுறுக்கிறது!

1980-ல் ஓசூரிலிருந்து "டி.வி.எஸ். 50" வந்தது. இன்றைய எக்ஸ்.எல். 100 வண்டியையும் பலர் அந்தப் பெயரிலேயே அழைக்கிறார்கள். அங்கேதான் வினை. "50 சி.சி. தானே? கியரும் இல்லை. 16 வயதில் ஓட்டலாம்" என்று தகப்பனார் சாவியைக் கொடுத்துவிடுகிறார்.

தவறு! எக்ஸ்.எல். 100-ன் என்ஜின் ஏறக்குறைய 100 சி.சி. அதற்கு 18 வயது ஆகவேண்டும். மீறினால், 2019-ல் திருத்திய சட்டப்படி பெற்றோருக்கு 3 ஆண்டு வரை சிறை. 25 ஆயிரம் ரூபாய் அபராதம். வண்டியின் பதிவும் ஓராண்டு ரத்து. அப்புறம் மீன் எதில் போகும்?

சிறை கிடக்கட்டும். உயிர்? 2023 ஆகஸ்டில் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் திடலில், ஹெல்மெட் அணிந்து ஓட்டிய 13 வயதுச் சிறுவனே விழுந்து இறந்தான். அவன் பயிற்சி பெற்றவன். லாரி ஓடும் சாலையில் பழகாத பையன் என்ன ஆவான்?

ஆசையைக் குற்றம் சொல்ல வேண்டாம். ஏரியில் "பாடு" முறை உண்டு. தன் முறை வரும்வரை பெரியவர்களே வலையோடு காத்திருக்கிறார்கள். பையனும் காத்திருக்கலாம்.

அதுவரை வண்டியைப் படிக்கட்டும். உப்புக் காற்றிலும், மீன் பெட்டியில் வடியும் தண்ணீரிலும் செயின் துருப்பிடிக்கும். அதைக் கழுவித் துடைத்து எண்ணெய் போடட்டும். பிளக்கைக் கழற்றி மாட்டட்டும். சாவி மட்டும் அப்பாவின் சட்டைப் பையில் இருக்கட்டும்.