பின்னால் பாய்பவன் கோழையா?

ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று மலர்க்குழு அண்ணன்மார் கேட்டபோது, வழக்கம் போல வேலையில்லாத் திண்டாட்டத்தைப் பற்றி நாலு பக்கம் எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். பேனாவைத் திறந்ததும் மனதில் வந்து நின்றது என்னவோ ஒரு சண்டை. ஒரே தட்டில் பரோட்டா பிய்த்துத் தின்ற நானும் என் அறை நண்பனும் எட்டு நாள் பேசாமல் இருந்தோம். காரணம் காதல் இல்லை, கைமாற்றுக் கடன் இல்லை, சங்கத் தேர்தல்கூட இல்லை. கையில் துப்பாக்கி வைத்திருப்பவன் பின்பக்கமாகப் பாயலாமா, கூடாதா என்பதுதான்!

சிரிக்காதீர்கள் நண்பர்களே. இதே சண்டையை உலகம் முழுக்க லட்சக்கணக்கான பேர் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். 'கால் ஆஃப் டூட்டி' என்ற ஷூட்டர் கேம் வரிசையைக் கேள்விப்படாதவர் நம் வகுப்பில் யாரும் இருக்க முடியாது. 2024 அக்டோபரில் அதில் 'பிளாக் ஆப்ஸ் 6' வந்தது. அதோடு வந்ததுதான் 'ஆம்னிமூவ்மென்ட்'. அதுவரை முன்னோக்கி மட்டுமே வேகமாக ஓடலாம், சறுக்கலாம், பாயலாம். இதிலே எந்தத் திசையிலும் ஓடலாம், சறுக்கலாம், பாயலாம். பக்கவாட்டில் பாய்ந்தபடியே சுடலாம். பின்னால் பாய்ந்து மல்லாக்கப் படுத்துக்கொண்டு சுற்றியும் சுடலாம். பார்த்தவர்களில் பாதிப் பேர் "அடடா!" என்றார்கள். மீதிப் பேர் "இதென்ன சர்க்கஸா?" என்றார்கள்.

இந்த "சர்க்கஸ்" என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு பழைய காயம் இருக்கிறது. 2003-ல் இந்த வரிசை தொடங்கியபோது அது இரண்டாம் உலகப் போர்க் கதை. ஓடினோம், குனிந்தோம், சுட்டோம், அவ்வளவுதான். 2014-ல் 'அட்வான்ஸ்டு வார்ஃபேர்' வந்து, உடம்பில் இயந்திரச் சட்டையை மாட்டி வீரர்களை ஆகாயத்தில் எகிற வைத்தது. அடுத்த ஆண்டு 'பிளாக் ஆப்ஸ் 3'-ல் சுவரிலேயே ஓட ஆரம்பித்தார்கள். 2016-ல் விண்வெளிக்குப் போகும் 'இன்ஃபினிட் வார்ஃபேர்' முன்னோட்டத்தை வெளியிட்டதும், "பிடிக்கவில்லை" என்று யூடியூபில் அழுத்தியவர்கள் 30 லட்சத்தையும் தாண்டினார்கள். காலைத் தரையில் வைத்து ஆடவிடுங்கள் என்று ரசிகர்கள் கூப்பாடு போட்டதில், 2017-ல் கம்பெனி மறுபடியும் இரண்டாம் உலகப் போருக்கே திரும்பிவிட்டது.

தரைக்கு வந்தாலும் சண்டை ஓயவில்லை. 2019-ல் வந்த 'மாடர்ன் வார்ஃபேர்', அதை அடுத்து 2020-ல் வந்த 'வார்ஸோன்' இரண்டிலும் 'ஸ்லைடு கேன்சல்' என்று ஒன்று பரவியது. ஆடாதவர்களுக்காகச் சொல்கிறேன். துப்பாக்கியை உயர்த்திப் பிடித்தபடி அதிவேகமாக ஓடும் ஓட்டத்துக்குச் சில வினாடிகள்தான் ஆயுள். ஆனால் ஓடிக்கொண்டே சறுக்கி, சறுக்கலைப் பாதியில் முறித்து எழுந்தால், அந்த ஆயுள் மறுபடியும் முழுசாக நிரம்பிவிடும். அப்புறம் என்ன, ஓடு, சறுக்கு, முறி, ஓடு! பார்த்தால் காலில் கட்டெறும்பு கடித்தவன் மாதிரி இருக்கும். ஆனால் குறி வைப்பவனுக்கு அவன் சிக்கவே மாட்டான். கடைப் பிள்ளைகள் ராத்திரி பகலாகப் பயிற்சி செய்து இதைக் கற்றார்கள். 2022-ல் வந்த 'மாடர்ன் வார்ஃபேர் 2' ஒரே வெட்டாக அதை வெட்டி எறிந்தது. கூச்சல் எழுந்தது. 2023-ல் அடுத்த பதிப்பு வந்தபோது, "சறுக்கலை முறிக்கும் வித்தை திரும்ப வந்துவிட்டது" என்பதையே பெருமையாகச் சொல்லி விற்றார்கள். நம்மிடமிருந்து பிடுங்கியதை நமக்கே விலைக்குத் தந்தார்கள். எனக்கு உண்மையான கோபம் இந்த இடத்தில்தான்.

நம்மைப் போன்ற டிப்ளமோக்காரர்களுக்கு இது எளிதில் புரியும். ஸ்கீம் மாறும்போது அரியர் வைத்திருப்பவன் படும் பாட்டை நினைத்துப் பாருங்கள்! படித்ததெல்லாம் வீண், கையில் இருக்கும் நோட்டை ஜூனியருக்குக்கூடக் கொடுக்க முடியாது. விளையாட்டுதானே என்று சொல்லிவிடலாம். ஆனால் விரலில் ஏறிய பழக்கம் நோட்டைவிட ஆழமானது. ஆயிரம் தடவை செய்து விரல் கற்றதை ஒரு அப்டேட்டில் "இனி செல்லாது" என்றால் கோபம் வரத்தானே செய்யும்?

இனி எங்கள் சண்டைக்கு வருகிறேன்.

நண்பன் எலெக்ட்ரிகல். பழைய கட்சி. எந்த வரைபடத்தில் எந்த ஜன்னலுக்குப் பின்னால் எவன் நிற்பான் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வான். அவன் சொன்னான்: "மச்சான், இது போர்க்களம்டா. துப்பாக்கியோட எவனாவது பின்னாடி டைவ் அடிப்பானா? நம்புற மாதிரி இருக்கா?" நான் கேட்டேன்: "ஏழு குண்டு வாங்கினவன் சுவத்துக்குப் பின்னாடி அஞ்சு செகண்ட் குந்திட்டு எந்திரிச்சா காயமெல்லாம் ஆறிடுதே, அதை மட்டும் எப்படிடா நம்புற?" 2005-ல் வந்த இரண்டாம் பாகத்திலிருந்தே அப்படித்தான் இருக்கிறது. அதற்காக யாரும் கொடி பிடிக்கவில்லை. ஆக, நிஜம் போல இல்லை என்பது வாய்க்கு வந்த காரணம். ஜன்னலில் காத்திருந்து அடிக்கும் அவனுடைய இத்தனை வருட ஞானம் விலை போகவில்லை என்பதே நெஞ்சில் இருந்த காரணம். அதை அவன் நேராகச் சொல்லியிருந்தால் நானும் மதித்திருப்பேன்.

அவன் பக்கத்திலும் நியாயம் உண்டு. நெட்டில் ஆடும்போது மூலையிலிருந்து திடீரென வெளியே வருபவன், காத்திருப்பவன் கண்ணில் படுவதற்கு ஒரு நொடியின் சிறு பங்கு முன்னதாகவே காத்திருப்பவனைப் பார்த்துவிடுகிறான். தகவல் ஒரு கணினியிலிருந்து சர்வருக்குப் போய் இன்னொரு கணினிக்கு வந்து சேரும் தாமதம்தான் காரணம். நெட் இழுக்க இழுக்க இந்த வித்தியாசம் கூடும். ஆகவே ஓட்டத்துக்கும் பாய்ச்சலுக்கும் வேகம் கொடுக்கக் கொடுக்க, நின்று ஆடுபவன் தன் தப்பே இல்லாமல் சாகிறான். "திறமை இல்லாதவன் புலம்புறான்" என்று சின்னப் பையன்கள் கேலி செய்யும்போது இந்தக் கணக்கை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

அந்தத் திறமையைப் பற்றியும் ஒரு வார்த்தை. சாதாரண பேடில் வலது கட்டை விரல்தான் குறி பார்க்கும். அதே விரலைத்தான் எடுத்துக் குதிக்கவும் சறுக்கவும் பட்டனை அழுத்த வேண்டும். குதிக்கும்போது குறி போய்விடும். பட்டன் அமைப்பை மாற்றி, குனிவதை அந்த ஸ்டிக்கின் அழுத்தத்திலேயே வைத்துக்கொள்ளலாம். பாதிக் கஷ்டம் குறையும். முழுக் கஷ்டமும் தீர வேண்டும் என்றால் பின்புறத்தில் பட்டன் வைத்த பேட் வாங்க வேண்டும். அந்த விலைக்கு நம் செமஸ்டர் ஃபீஸைக் கட்டிவிட்டு மீதியில் ஒரு டிராஃப்டரும் வாங்கலாம்! திறமை என்று அவர்கள் சொல்வதில் கொஞ்சம் அப்பா வீட்டுப் பணமும் கலந்திருக்கிறது.

என் கட்டை விரல் கதையைச் சொன்னால்தான் சண்டை முழுதாகப் புரியும். முதலாண்டு ஃபிட்டிங் ஷாப்பில் உளி பிடித்தவன், கண்ணை ஜன்னல் பக்கம் விட்டுவிட்டுச் சுத்தியலை இறக்கினேன். தப்பு என் மீதுதான். அடி விழுந்தது கட்டை விரல் முட்டியில். ஆறியது, ஆனால் முன்போல மடங்காது. ஃபைல் பிடிக்கலாம், வெர்னியர் படிக்கலாம். ஸ்டிக்குக்கும் பட்டனுக்கும் இடையே தாவ முடியாது. ஸ்லைடு கேன்சல் காலத்தில் நான் வெறும் பார்வையாளன். நண்பர்கள் ஆடுவார்கள், நான் டீ வாங்கி வருவேன்.

பிளாக் ஆப்ஸ் 6-ல் 'இன்டெலிஜென்ட் மூவ்மென்ட்' என்று ஒரு அமைப்பும் இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் ஓட்டம், தடையில் ஏறுவது, குனிவது இவற்றையெல்லாம் சமயம் பார்த்து ஆட்டமே செய்து கொடுக்கும். அழுத்த வேண்டிய பட்டன் குறையும். எனக்கு மூன்று வருடத்தில் முதல் தடவையாகக் கை திறந்தது! ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அறை நண்பனின் அண்ணன் துபாயிலிருந்து கொண்டு வந்த பிளேஸ்டேஷனில், அவனுடைய பிரியமான ஜன்னலுக்கு எதிரே நின்று, பின்னால் பாய்ந்து, மல்லாந்தபடியே ஒருத்தனை வீழ்த்தினேன். அறையே கத்தியது. அவன் மட்டும் கத்தவில்லை. "அசிஸ்ட் போட்டு ஆடுறதெல்லாம் ஒரு ஆட்டமாடா? கள்ள ஆட்டம்" என்றான். எட்டு நாள்.

அந்த எட்டு நாளில் யோசித்ததைச் சொல்கிறேன். புதிய அசைவு வேண்டாம் என்பவர்களோடு நான் இல்லை. ஸ்லைடு கேன்சல், வீடியோ பார்த்தவனுக்கும் விரல் வளைந்தவனுக்கும் மட்டும் தெரிந்த குறுக்கு வழி. ஆம்னிமூவ்மென்ட் எல்லோருக்கும் சொல்லிவிட்டுக் கொடுத்த விதி. பாய்ந்து வருபவனுக்கு மட்டுமல்ல, மூலையில் மாட்டிக்கொண்டவனுக்கும் அது ஒரு வழி. ஆனால் 2025 நவம்பரில் வந்த 'பிளாக் ஆப்ஸ் 7' சுவரை உதைத்துத் தாவுவதையும் சேர்த்துவிட்டது. வருடத்துக்கு ஒரு வித்தை வேண்டும், இல்லாவிட்டால் விற்க முடியாது என்ற நெருக்கடி கம்பெனிக்கு இருக்கலாம். ஆடுகிறவன் விரல் அந்தக் காலண்டரில் ஓடாதே. பழைய நடையில் ஆட விரும்புபவர்களுக்கு ஒரு தனி அறையை நிரந்தரமாகத் திறந்து வைத்தால் என்ன கெட்டுவிடும்? 1999-ல் வந்த 'குவேக் 3'-ல், தாவித் தாவி வேகம் கூட்டும் வித்தையை எடுத்துவிட ஜான் கார்மாக் முயன்றார். எடுத்தால் சாதாரண நடையும் கெட்டுப்போகிறது என்று கண்டு விட்டுவிட்டார். அது நிரல் எழுதும்போது தெரியாமல் நுழைந்த பிழை. ஆனால் ஆடியவர்கள் அதன் மேல்தான் வீடு கட்டியிருந்தார்கள். இந்த நிதானம் இன்றைய கம்பெனிகளிடம் காணோம்.

ஒன்பதாம் நாள் மெஸ்ஸில் எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தான். ரசத்தை ஊற்றிக்கொண்டே என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "சாயங்காலம் ரூம்ல இருப்பியா?"

"இருப்பேன்."

"அசிஸ்ட் போட்டுக்கோ, பரவால்ல."

"போட்டுத்தான் இருக்கு."

"ஆனா என் ஜன்னல் முன்னாடி நின்னு பின்னால பாஞ்சேன்னு வச்சுக்க, கேபிளைப் புடுங்கிடுவேன்."