வாடகைக் கவசம் எதற்கு?



ஆண்டு விழாக் காலம் வந்துவிட்டால் நம் பள்ளிகளில் இரண்டு காட்சிகளைத் தவறாமல் காணலாம். ஒன்று, மேடையில் அலெக்சாண்டரும் போரஸ் மன்னரும் வாளேந்தி எதிரெதிரே நிற்பது. மற்றொன்று, அதற்கு இரண்டு வாரம் முன்பு 'நாடக உடை வாடகைப் பணம்' கேட்டு மாணவர்கள் தம் வீட்டில் தயங்கித் தயங்கி நிற்பது. முதற் காட்சிக்கு நாம் கைதட்டுகிறோம். இரண்டாவது காட்சியை யாரும் பார்ப்பதில்லை.

சென்ற ஆண்டு எங்கள் தெருவைச் சேர்ந்த ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டுக்கு வந்தான். அலெக்சாண்டர் வேடம் அவனுக்குக் கிடைத்திருந்தது. வசனம் முழுவதும் மனப்பாடம். ஆனால் கவசம், தலைக்கவசம், வாள் மூன்றுக்குமாக ஒரு நாள் வாடகை அவன் தந்தையின் ஒரு நாள் கூலியைவிட அதிகம். வெள்ளிக்கிழமைக்குள் பணம் கட்டாவிட்டால் வேடம் வேறொருவனுக்குப் போய்விடும். "சார், இதை அட்டையிலே செய்ய முடியுமா?" என்று கேட்டான். "முடியும்" என்று உடனே சொல்லிவிட்டேன். எப்படி என்று பிறகுதான் யோசித்தேன்.

அந்த ஒரு வாரத்தில் நான் கற்றுக்கொண்டதை வைத்து என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பள்ளி நாடகத்துக்கான கவசத்தை வாடகைக்கு எடுக்கக் கூடாது. மாணவர்களே செய்ய வேண்டும். பணம் மிச்சமாகிறது என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், ஓர் அட்டைக் கவசத்துக்குள் உங்கள் இயற்பியல், கணிதப் பாடங்களில் பாதி ஒளிந்திருக்கிறது என்பதே.

அலெக்சாண்டர் அணிந்தது என்ன?

வாடகைக் கடையில் இருந்தது சரிகை வைத்துத் தைத்த வெல்வெட் கவசம். அதே கவசத்தை முந்தின வாரம் வேறொரு பள்ளியில் வேறொரு மன்னர் அணிந்திருப்பார். உண்மையான அலெக்சாண்டர் அப்படி எதையும் அணிந்ததாகத் தெரியவில்லை. கி.மு. 331-இல் நடந்த காகமேலாப் போரில் அவர் இரட்டை மடிப்பு லினன் துணியாலான மார்புக் கவசம் அணிந்திருந்ததாக வரலாற்றாசிரியர் புளூட்டார்க் எழுதியிருக்கிறார். லினன் என்பது ஆளிச்செடியின் நாரால் நெய்யப்படும் துணி. இத்தாலியில் கி.பி. 79-இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பெயி நகரில், 1831-ஆம் ஆண்டு ஒரு வீட்டின் தரையில் சிறு சிறு கற்களால் பதித்த பெரிய சித்திரம் ஒன்று கிடைத்தது. அதில் குதிரைமேல் வரும் அலெக்சாண்டரின் மார்பில் மெடூசாவின் தலை பொறித்த கவசம் இருக்கிறது.

துணியால் போர்க் கவசமா என்று வியக்கிறீர்கள் அல்லவா? பல அடுக்குத் துணி ஒன்று சேர்ந்தால் அது தனித்தனித் துணியாக இருப்பதில்லை. அந்த அடுக்குகளைத் தைத்தார்களா, ஒட்டினார்களா என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் கிரீன் பே வளாகத்தில் கிரெகரி ஆல்ட்ரெட் என்ற பேராசிரியர் தம் மாணவர்களுடன் அடுக்கடுக்காக ஒட்டிய லினன் கவசத்தைச் செய்து, அதன்மேல் அம்பு எய்து சோதித்தார். அது அம்புகளை நன்றாகவே தாங்கியது. அந்த ஆராய்ச்சி 2013-இல் நூலாக வந்தது. அங்கும் வேலை மாணவர்களோடுதான் நடந்தது என்பதைக் கவனியுங்கள்.

ஒட்டினால் எட்டு மடங்கு

பழைய நோட்டுப் புத்தக அட்டைகள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வளைத்துப் பாருங்கள். எளிதாக வளையும். ஓரங்களை உற்று நோக்கினால், ஓர் அட்டை மற்றதன்மேல் சற்றே வழுக்கி நகர்ந்திருப்பது தெரியும். இப்போது அவற்றைப் பசையிட்டு ஒட்டி, நன்றாக உலரவிட்டு மறுபடி வளையுங்கள். அட்டை முரண்டு பிடிக்கும். வழுக்குவதற்கு இப்போது வழியில்லை. வெளிப்புறம் நீள வேண்டும், உட்புறம் சுருங்க வேண்டும். அதற்கு அதிக விசை தேவை.

அகலமும் நீளமும் மாறாமல் இருந்தால் வளைவை எதிர்க்கும் விறைப்பு, தடிமனின் முப்படிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். ஒட்டாத இரண்டு அட்டைகளின் விறைப்பு 2 மடங்கு; ஒட்டிய இரண்டின் விறைப்பு 2 × 2 × 2 = 8 மடங்கு. மூன்று அட்டை என்றால் 3-க்குப் பதில் 27! ஒரு தம்ளர் மைதாப் பசை செய்யும் வேலை இது.

மளிகைக் கடைப் பெட்டியின் நெளி அட்டைக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அதன் அமைப்பே வேறு. இரண்டு தட்டையான தாள்கள். அவற்றை விலக்கிப் பிடித்துக்கொண்டு நடுவே ஒரு நெளித்தாள். இழுவிசையையும் அழுத்தத்தையும் வெளித்தாள்கள் ஏற்கின்றன. நெளிவு அவற்றை விலக்கி வைக்கிறது. கட்டடங்களில் போடும் இரும்பு உத்தரத்தின் தத்துவமும் இதுதான். இந்த நெளித்தாளுக்கு 1856-இல் இங்கிலாந்தில் முதல் காப்புரிமை பெறப்பட்டபோது, அது உயரமான தொப்பிகளின் உட்புறம் வைப்பதற்காகவே பயன்பட்டது. பெட்டியாக மாறியது பிற்பாடுதான். ஆகவே அட்டையை உடம்பில் அணிவது புதுமையல்ல. அதன் பிறவித் தொழிலே அது!

நாங்கள் செய்த தவறு

இனிக் கவசத்துக்கு வருவோம். மார்புக் கவசம் ஓர் உருளை. நெளிவுகள் மேலிருந்து கீழாகச் செல்லுமாறு அட்டையை வெட்ட வேண்டும். அப்போதுதான் நெளிவுக்கு நெளிவு மடங்கி உடம்பைச் சுற்றி வரும். நெளிவுகளைக் குறுக்காக வைத்தால் அட்டை வளையாது, முறியும். வெட்டிய அட்டையை மேசை விளிம்பில் வைத்துச் சிறிது சிறிதாக அழுத்தி வளைத்துப் பழக்க வேண்டும்.

மாணவனின் மார்புச் சுற்றளவு 76 செ.மீ. நான் 76 செ.மீ. நீளத்தில் இரண்டு அட்டைகளை வெட்டினேன். ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிச் சுற்றினோம். உள் அட்டை எப்படியோ சேர்ந்தது. வெளி அட்டையோ முதுகில் இரண்டு விரல் இடைவெளியோடு நின்றது. உள்ளே இருந்தவனால் மூச்சுவிட முடியவில்லை. வசனம் எப்படிப் பேசுவான்?

அவனுடைய தாயார் தையல் வேலை செய்பவர். எட்டிப் பார்த்துவிட்டு, "உடம்பளவுக்கே வெட்டினா எப்படிங்க சார்? லூஸ் விட வேண்டாமா?" என்று கேட்டார். இருபது ஆண்டுகளாக இயற்பியல் கற்பிக்கும் நான் வெட்கத்தோடு தலையைச் சொறிந்தேன்.

கணக்கைப் பாருங்கள். வட்டத்தின் சுற்றளவு 2πr. உடம்பைச் சுற்றி 2 செ.மீ. இடைவெளி வேண்டுமானால் சுற்றளவு 2 × 3.14 × 2, அதாவது ஏறக்குறைய 12.5 செ.மீ. கூட வேண்டும். ஒல்லியானவனுக்கும் பருமனானவனுக்கும் இதே 12.5 செ.மீ. தான், ஆரம் எதுவானாலும் இந்த அதிகம் மாறாது. அதேபோல் 3 மி.மீ. தடிமனுள்ள உள் அட்டையின்மேல் வரும் வெளி அட்டை 2 × 3.14 × 3, அதாவது ஏறத்தாழ 19 மி.மீ. நீளமாக இருக்க வேண்டும். அந்த இரண்டு விரல் இடைவெளி எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறதா? இந்த வாய்பாட்டை எத்தனையோ தடவை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். ஒரு பெட்டி அட்டை வீணான பிறகுதான் அது எனக்கு உறைத்தது.

மறுநாள் புது அட்டை வெட்டினோம். தட்டையாக ஒட்டிவிட்டுப் பிறகு வளைக்கப் பார்ப்பது வீண். உள் அட்டையை ஒரு பெரிய பிளாஸ்டிக் டிரம்மில் சுற்றி, அதன்மேல் பசையைத் தடவி, வெளி அட்டையை இழுத்துச் சுற்றிக் கயிற்றால் கட்டி ஒரு நாள் உலரவிட்டோம். கயிற்றை அவிழ்த்த பிறகும் வளைவு அப்படியே நின்றது. அடுக்குகள் பழைய இடத்துக்கு வழுக்கித் திரும்ப முடியாது அல்லவா? மேலே பழைய வேட்டித் துணியை ஒட்டினோம். இடுப்புக்குக் கீழே 6 செ.மீ. அகலப் பட்டைகளை இரண்டு வரிசையாக, ஒன்றின் இடைவெளியை மற்றது மறைக்கும்படி தொங்கவிட்டோம். கிரேக்கக் கவசங்களிலும் இப்படித்தான் இருந்தது. ஒரே உருளையாக முழங்கால்வரை விட்டால் காலைத் தூக்கி நடக்க முடியாது.

தலைக்கவசம்தான் கடினம். ஆரஞ்சுத் தோலை உரித்து மேசைமேல் தட்டையாக்கிப் பாருங்கள், கிழியும். கோளப் பரப்பை மடிக்காமல், கிழிக்காமல் தட்டையாக்க முடியாது என்பதை 1827-இல் ஜெர்மானியக் கணித மேதை காஸ் நிறுவினார். அதன் மறுதலை நமக்குத் தொல்லை: தட்டை அட்டையை வளைத்துக் கோளமாக்க முடியாது. ஆகவே குடத்தின்மேல் பாலித்தீன் தாளைச் சுற்றி, அதன்மேல் தபால்தலை அளவுச் செய்தித்தாள் துண்டுகளைப் பசையில் நனைத்து ஆறு அடுக்கு ஒட்டினோம். துண்டு சிறிதாக இருந்தால் கோளத்தின் அந்தப் பகுதி ஏறக்குறைய தட்டைதான்.

எல்லாம் முடிந்ததும் மளிகைக் கடைத் தராசில் வைத்தோம்: 1 கிலோ 150 கிராம். ஒப்பிட ஒரு கணக்கு. 1.5 மி.மீ. தடிமனுள்ள எஃகுத் தகட்டால் 1.5 சதுர மீட்டர் உடற்பரப்பை மூடினால் எடை ஏறத்தாழ 17.7 கிலோ வரும். ஐரோப்பாவில் இடைக்கால வீரர்கள் அணிந்த முழுக் கவசங்கள் பெரும்பாலும் 15 முதல் 25 கிலோ வரை இருந்தன. உங்கள் கணக்கு உண்மைக்கு எவ்வளவு அருகில் வருகிறது பாருங்கள்!

சில எச்சரிக்கைகள்

அட்டையை வெட்டும்போது கத்தி உங்கள் உடம்பை நோக்கி வரக் கூடாது. மற்றக் கை வெட்டும் பாதைக்கு வெளியே இருக்கட்டும். அட்டை எளிதில் தீப்பற்றும். மேடை விளக்கு, தீப்பந்தம், குத்துவிளக்கு எதன் அருகிலும் போகாதீர்கள். பூச்சி வராமலிருக்கப் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள். அது நஞ்சு, நீங்கள் கலக்க வேண்டாம். ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பத்தை உடம்பிலிருந்து கொண்டுபோகிறது. கவசம் அந்த ஆவியை அடைத்துவிடும். அக்குளிலும் கழுத்திலும் தாராளமாக இடைவெளி விடுங்கள். காட்சி முடிந்தவுடன் கழற்றிவிடுங்கள். இது வேடமே தவிர காப்பு அல்ல. கம்பால் அடித்துச் சோதிக்காதீர்கள்.

மறுப்புச் சொல்பவர்களுக்கு

"அட்டை என்றால் மலிவாகத் தெரியும்" என்பார்கள். தெருக்கூத்துக் கலைஞர்களின் கிரீடத்தையும் புஜக்கட்டையையும் பாருங்கள். கனமில்லாத கல்யாண முருங்கை மரத்தைச் செதுக்கி, வண்ணத்தாளும் கண்ணாடித் துண்டும் ஒட்டிச் செய்தவை அவை. விடிய விடிய ஆடும் அந்தத் துரியோதனனை யாராவது மலிவானவன் என்று சொல்வார்களா?

"படிக்கும் நேரம் வீணாகிறது" என்பார்கள். எங்களுக்கு ஆறு மாலைப் பொழுதுகள் ஆயின. அந்த ஆறு மாலைகளில் சுற்றளவு, முப்படி, அடர்த்தி, உள்ளுறை வெப்பம் நான்கும் வந்துபோயின. கடையில் வாங்கிய தெர்மக்கோல் மாதிரியைக் கண்காட்சியில் வைத்துவிட்டு மனப்பாடமாக விளக்கம் சொல்லும் மாணவர்களை நான் நடுவராக இருந்து நிறையப் பார்த்திருக்கிறேன். "இது ஏன் இப்படி இருக்கிறது?" என்று ஒரு கேள்வி கேட்டால் விழிப்பார்கள். தானே செய்து, தானே கெடுத்து, மறுபடி செய்தவன் விழிக்க மாட்டான்.

வாடகைக் கடைக்காரர்களின் பிழைப்பு என்னாவது என்ற கேள்வி நியாயமானது. பரத நாட்டிய உடையை அட்டையில் செய்ய முடியாது. அவர்களுக்கு வேலை இருக்கவே செய்யும். நான் கேட்பது ஒன்றுதான். பணம் கட்ட முடியாததால் ஒரு மாணவனின் வேடம் பறிபோகக் கூடாது. பள்ளிகள் கைத்தொழில் வகுப்பில் கவசம் செய்து, ஓர் அலமாரியில் வைத்து, ஆண்டுதோறும் பழுதுபார்த்துப் பயன்படுத்தலாம். இதைப் பெற்றோரும் ஆசிரியரும் செய்து கொடுப்பது மட்டும் கூடாது. என்னைப் போன்றவர்கள் பக்கத்தில் நின்றால் போதும்; சில சமயம் நாங்கள் கணக்கையே தப்பாகப் போட்டுவிடுவோம்!

எங்கள் அலெக்சாண்டர் மேடை ஏறினான். இரண்டாம் காட்சியில் இடுப்புப் பட்டை ஒன்று அறுந்து விழுந்தது. அவன் அதைக் கையில் எடுத்துக்கொண்டு வசனத்தைத் தொடர்ந்தான். மைதா, கயிறு, வண்ணம் எல்லாம் சேர்த்து ஆன செலவு 85 ரூபாய்.

உங்கள் வீட்டிலும் ஒரு காலி அட்டைப்பெட்டி இருக்கும். பழைய பேப்பர் கடைக்குப் போடுமுன் அதைப் பிரித்து, நெளிவு எந்தத் திசையில் ஓடுகிறது என்று பாருங்கள். முதலில் முன்கைக்கு மட்டும் ஒரு கவசம் செய்யுங்கள். வெளி அட்டையை எவ்வளவு நீளமாக வெட்ட வேண்டும் என்பதைக் கணக்கிட்ட பிறகு கத்தியை எடுங்கள்.