இது யார் வீட்டுச் சுவர்?



எலெக்‌ஷன் வந்துவிட்டால் நம் பாலிடெக்னிக் பசங்களுக்கு ராத்திரி டியூட்டி ரெடி. ஒருவன் சுண்ணாம்பு வாளி தூக்குவான், ஒருவன் ஏணி பிடிப்பான், கையெழுத்து நல்லா இருக்கிறவன் பிரஷ்ஷோடு ஏறுவான். நானும் ஏறியிருக்கிறேன். ஐநூறு ரூபாயும் பரோட்டாவும் கிடைத்தது. எந்தக் கட்சி என்பதெல்லாம் எனக்குக் கவலையில்லை.

அடுத்த வாரம் சென்னிமலையில் அம்மிச்சி வீட்டுக்குப் போனேன். பொங்கலுக்கு அவள் தன் கையால் வெள்ளையடித்த சுவரில், இன்னொரு கட்சியின் சின்னம்!

"ஏங்கண்ணு, நம்ம செவுத்துல எழுதறதுக்கு நம்மள ஒரு வார்த்தை கேக்க மாட்டாங்களா?" என்றாள்.

"அழிச்சுடலாமா அம்மிச்சி?"

"வேண்டாஞ்சாமி... எதுக்கு வம்பு!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் எழுதிய சுவருக்குப் பின்னாலும் ஓர் அம்மிச்சி பயந்துகொண்டு இருந்திருப்பாளே!

சட்டம் இல்லாமல் இல்லை. பொது இடங்களின் அழகைக் கெடுப்பதைத் தடுக்க நம் மாநிலத்தில் 1959-லேயே சட்டம் வந்தது. உரிமையாளர் அனுமதியின்றி அவர் சுவரில் எழுதவோ, கொடி நடவோ, பேனர் கட்டவோ கூடாது என்கிறது தேர்தல் நடத்தை விதி. 2018 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் கட்சிகளின் டிஜிட்டல் பேனர்களுக்குத் தடை விதித்தது. அப்படியும் 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் ஸ்கூட்டரில் வந்த 23 வயது இன்ஜினியர் பெண் மீது பேனர் விழுந்தது. பின்னால் வந்த லாரி ஏறி அவள் இறந்தாள். அந்தப் பேனர், ஒரு கட்சிப் பிரமுகர் வீட்டுக் கல்யாணத்துக்கு வைத்தது!

"காசில்லாத வேட்பாளருக்குச் சுவர்தானப்பா பேப்பர், டி.வி. எல்லாம்" என்பான் என் ரூம்மேட். நியாயம்தான். ஆனால் 1996-ல் நம் பக்கத்து மொடக்குறிச்சியில் 1,033 பேர் போட்டியிட்டார்களே, ஆளுக்கொரு சுவரைக் கேட்காமல் பிடித்திருந்தால் வீட்டுக்காரன் எங்கே போவான்?

அமெரிக்காவில் லடூ என்ற சிற்றூரில், வளைகுடாப் போரை எதிர்த்து ஒரு பெண்மணி தன் வீட்டில் போர்டு வைத்தார். ஊராட்சி கூடாது என்றது. 1994-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், நீதிபதிகள் அத்தனை பேரும் ஒருமித்து, அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஏன்? வீடும் அவருடையது, கருத்தும் அவருடையது! இங்கே வீடு அம்மிச்சியுடையது, கருத்து மட்டும் கட்சியுடையது. வித்தியாசம் அதுதான்.

கொடி காத்த குமரன் பிறந்த மண் நம் சென்னிமலை. 1932-ல் திருப்பூரில் தடியடி பட்டபோதும் கொடியை அவர் தன் கையில்தான் பிடித்திருந்தார். அடுத்தவன் வாசலில் நட்டுவிட்டுப் போகவில்லை.

நண்பர்களே, எழுத வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சட்டம் இடம் தருகிற இடத்தில், பகலில் போய்க் கதவைத் தட்டி, கேட்டு எழுதுவோம். வேண்டாம் என்றால் வாளியோடு திரும்புவோம். நம் யூனியன் எலெக்‌ஷனுக்கும் இதே விதிதான். ஹாஸ்டல் எதிரே உள்ள வீடுகளின் காம்பவுண்டிலிருந்தே தொடங்கலாமா?

அம்மிச்சி வீட்டுச் சுவருக்கு இந்த லீவில் நானே வெள்ளையடிக்கப் போகிறேன். அவளைக் கேட்டுவிட்டுத்தான்!