பெட்ரோலியம் படித்தால் துபாயாம்!

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் திருச்செந்தூரில் பிளெக்ஸ் அடிப்பவர்களுக்கு யோகம்தான். ஆவணித் திருவிழாவுக்கு இன்னும் மாதங்கள் கிடக்க, கல்லூரிகளின் திருவிழா முந்திக்கொண்டு கொடியேறிவிடுகிறது. அண்மையில் கண்ணை உறுத்திய பிளெக்ஸ் ஒன்றில் நடுக்கடலில் ஓர் எண்ணெய்க் கிணற்று மேடை. அதன் முன்னே மஞ்சள் ஹெல்மெட்டோடு கைகட்டிச் சிரிக்கும் இளைஞன். கீழே பெட்ரோலியம் இன்ஜினியரிங், வளைகுடா வேலை, லட்சத்தில் சம்பளம். அட்மிஷன் தரகர் இதையே ஒரு வரியில் முடித்துவிடுகிறார்: “அண்ணாச்சி, பையன பெட்ரோலியத்துல போட்டு விடுங்க, நாலு வருசத்துல துபாய்ல நிப்பான்.”

அண்ணாச்சியும் தலையாட்டிவிடுகிறார். உடன்குடி, காயல்பட்டினம் பக்கமெல்லாம் வளைகுடாப் பணம் புழங்குவதைப் பார்த்தே வளர்ந்தவர் அவர். வெல்டராகப் போன மச்சானே மாடி வீடு கட்டியிருக்கும்போது, இன்ஜினியராகப் போகிற மகன் என்னதான் கட்டமாட்டான்? மச்சான் பெட்ரோலியம் படித்துவிட்டா விமானம் ஏறினார் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

சரி, துபாய் இருக்கட்டும். எண்ணெய் தோண்டுவதையே தொழிலாகக் கொண்ட ஓ.என்.ஜி.சி. யாரை வேலைக்கு எடுக்கிறது? பொறியாளர்கள் எழுதும் கேட் தேர்வின் மதிப்பெண் வழியாக ஆள் எடுத்த அதன் அறிவிப்புகளை ஒருமுறை படித்தால் போதும். டிரில்லிங் பிரிவின் உதவி நிர்வாகப் பொறியாளர் பதவிக்கு பெட்ரோலியம் படித்தவரும் வரலாம், மெக்கானிக்கல் படித்தவரும் வரலாம். புரொடக்‌ஷன் பிரிவிலோ கெமிக்கல் படித்தவருக்கும் இடம் உண்டு. தோண்டுகிற நாற்காலியிலேயே மெக்கானிக்கல்காரர் உட்கார்ந்திருக்கிறார்! கேட் தேர்வில் பெட்ரோலியத்துக்கென்று தனித்தாள் வந்ததே அண்மைக் காலத்தில்தான். அதற்கு முன்பு நாட்டில் எண்ணெய் ஊறாமலா இருந்தது?

ஓ.என்.ஜி.சி. கிடைக்காத மெக்கானிக்கல் பையனுக்கு அனல்மின் நிலையம் இருக்கிறது. 2025 ஆகஸ்டில் தூத்துக்குடியில் திறந்த வின்ஃபாஸ்ட் கார் ஆலை இருக்கிறது. பெட்ரோலியம் பையனுக்குக் கிணற்றை விட்டால் கிணறு.

அந்தக் கிணறாவது பக்கத்தில் இருக்கிறதா? தமிழ்நாட்டில் எண்ணெய் என்றால் நரிமணம், காரைக்காலைச் சுற்றிய காவிரிப் படுகை. எண்ணெய், எரிவாயு எடுப்பை எதிர்த்து 2017இல் நெடுவாசலும் கதிராமங்கலமும் கொதித்தெழுந்தன. 2020இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கி, அங்கே புதிய எண்ணெய், எரிவாயு எடுப்புக்குச் சட்டம் போட்டே தடுத்தார்கள். விவசாயி பிழைக்க வேண்டும், அதில் மறுபேச்சு இல்லை. ஆனால் ஊர்கூடி விரட்டிய கிணற்றை நம்பி நாலு வருடம் படிக்கச் சொல்வது என்ன நியாயம்? இந்தியா தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் வெளியிலிருந்துதான் வாங்குகிறது. வாங்குகிற நாட்டில் தோண்டுகிறவனுக்கு எத்தனை வேலை இருக்கும்?

இதில் இன்னொரு கூத்து, பெட்ரோலியம் படித்தால் மணலி சுத்திகரிப்பு ஆலையில் போய் உட்காரலாம் என்ற நினைப்பு. பெட்ரோலியம் இன்ஜினியரிங் கற்றுத்தருவது பாறைக்குள் கிடக்கும் எண்ணெயை அளப்பதும், துளையிட்டு மேலே கொண்டுவருவதும். மேலே வந்த எண்ணெயைச் சுத்திகரிப்பது கெமிக்கல்காரர் பாடம். பிளெக்ஸில் இதற்கு இடம் போதவில்லை போலும்.

விலைக்கு வருவோம். 2012இல் பீப்பாய் நூறு டாலருக்கு மேல் விற்றபோது ஆசையாகச் சேர்ந்த பையன் 2016இல் பட்டம் வாங்கினான். அந்த ஜனவரியில் விலை முப்பது டாலருக்கும் கீழே. அதற்கு முந்தைய ஆண்டின் தொடக்கத்திலேயே எண்ணெய்க் கிணற்றுச் சேவை நிறுவனமான ஷ்லம்பர்ஜே 9,000 பேரைக் குறைப்பதாக அறிவித்திருந்தது. 2020இல் மறுபடி 21,000 பேருக்கு மேல். அந்த ஏப்ரலில் அமெரிக்க எண்ணெய் விலை ஒரு நாள் பூஜ்யத்துக்கும் கீழே போனது. வேலை கிடைக்காதவனிடம் “எல்லாம் நேரம்” என்பார்கள். நேரம்தான், ஆனால் அது ஜாதகத்தில் இல்லை, எண்ணெய்ச் சந்தையில் இருந்தது.

வளைகுடாக்காரர்களும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. சவுதியின் தஹ்ரானில் எண்ணெய், கனிமப் படிப்புக்கென்றே 1963இல் தொடங்கிய கல்லூரிதான் இன்றைய மன்னர் ஃபஹத் பல்கலைக்கழகம். அங்கே 2011இல் வந்த நிதாகத் திட்டம் நிறுவனங்கள் சொந்த நாட்டாருக்கு இவ்வளவு வேலை தந்தே ஆகவேண்டும் என்கிறது. தன்பாத் ஐ.ஐ.டி.யில் பெட்ரோலியம் படித்தவர்களுக்கு வேலை கிடைக்கிறதே என்பார் தரகர். கிடைக்கட்டும், மகராசர்கள். அவர் விற்பது தன்பாத் சீட்டா?

இந்தச் சூடு ஆறுவதற்குள் அடுத்தது வந்துவிட்டது. 2024 பிப்ரவரியில் குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினாலும் நாட்டினார்கள், சுற்றுவட்டாரமெல்லாம் ஏரோஸ்பேஸ் பேச்சு. ஏவுதளம் பக்கத்தில் வந்தால் வேலையும் பஸ் ஏறி வந்துவிடுமாம்! கன்னியாகுமரி மாவட்டத்துக்காரரான வி. நாராயணன் 2025 ஜனவரியில் இஸ்ரோ தலைவரானார். அவர் முதலில் படித்தது மெக்கானிக்கல் டிப்ளமா, பிறகு ஏ.எம்.ஐ.இ.; அதுவும் மெக்கானிக்கல். கிரையோஜெனிக், ஏரோஸ்பேஸ் எல்லாம் இஸ்ரோவில் சேர்ந்த பிறகு படித்தவை. விஞ்ஞானி, பொறியாளர் பணிகளுக்கு இஸ்ரோ வெளியிடும் அறிவிப்புகளிலும் திரும்பத் திரும்பக் கண்ணில் படுபவை எலெக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர் சயின்ஸ், பிறகு அதே மெக்கானிக்கல்.