அடிபட்ட பிள்ளையிடம் கேட்கும் முறை

பிள்ளைகள் படும் கொடுமையைப் பற்றிப் பெற்றோரிடமும் உபாத்தியாயரிடமும் உத்தியோகத்தரிடமும் விசாரித்தவர்கள், அக்கொடுமையை அனுபவித்த பிள்ளையிடம் மாத்திரம் விசாரியாது விடுவார்களானால், அவர்களுடைய அறிக்கை எத்தனை பக்கம் நீண்டாலும் பூரணமாகாது என்பது என் திடமான அபிப்பிராயம். பாடசாலையில் உடல்ரீதியான தண்டனை கூடாதென இலங்கைக் கல்வி அமைச்சு 2005ஆம் ஆண்டிலேயே சுற்றறிக்கை விடுத்தது. ஆயினும், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்காக ஆறு மாவட்டங்களில் மாணவரிடமே கேட்டறிந்து 2017இல் வெளிவந்த ஆய்வில், நூற்றுக்கு ஏறக்குறைய 80 பேர், ஒரே தவணைக்குள் ஒருமுறையேனும் அத்தகைய தண்டனைக்கு ஆளானதாகத் தெரிவித்தார்கள். பிள்ளைகள் வாய் திறந்திராவிட்டால் இந்த உண்மை சுற்றறிக்கையின் அடியிலேயே கிடந்திருக்கும்.

ஆனால், கேட்பதற்கும் ஒரு தர்மம் உண்டு. ருவான்வெல்லைப் பக்கத்து இறப்பர் தோட்டமொன்றில், ஒரு காம்பராவில் பேசுவது அடுத்த காம்பராவுக்குக் கேட்கும் லயத்தின் இஸ்தோப்பில், பால்வெட்டுக்குப் போன தாய் திரும்பிவரும் வேளையில், கையில் ஆய்வுப் படிவத்தோடு வந்த ஒருவர் ஒரு சிறுமியிடம், "அப்பா அடிப்பாரா?" என்று கேட்டால், "அதெல்லாம் இல்லீங்க மிஸ்" என்பதைத் தவிர அச்சிறுமி வேறென்ன சொல்வாள்? உண்மையைச் சொல்லிவிட்டாளானால், அன்றிரவு விழும் அடிக்கு அந்த ஆய்வே காரணமாகும்.

ஆகையால், பிறர் காதுக்கு எட்டாத இடத்தில், அவளுடைய தமிழிலேயே பேச வேண்டும். பெற்றோரின் சம்மதத்தோடு அவளுடைய சம்மதமும் வேண்டும்; நடுவில் நிறுத்திக்கொள்ளும் சுதந்திரமும் அவளுக்கு உண்டு. உயிருக்கு ஆபத்தென்றால் இரகசியம் காக்க இயலாதென்பதையும் முன்னதாகவே சொல்லிவிட வேண்டும். பிரதேச செயலகத்துச் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரின் உதவியும், சிறுவர் உதவிக்கான 1929 என்னும் தொலைபேசி இலக்கமும், கேள்விக்கு முன்னரே ஆயத்தமாயிருக்க வேண்டும்.

பழைய புண்ணைக் கிளறலாமா என்று சில நல்லவர்கள் அஞ்சுகிறார்கள். மருந்தில்லாமல் வருபவரே அஞ்ச வேண்டும். மருந்தோடு வருபவர் புண்ணைப் பார்த்தே ஆகவேண்டும்.

இன்னொன்றும் சொல்வேன். கேள்விகளை வகுப்பதிலேயே பிள்ளைகளுக்குப் பங்கு வேண்டும். நாம் பிரம்பைப் பற்றியே கேட்டுக்கொண்டிருக்க, அவர்களுடைய பயமோ பாடசாலைக்கும் தோட்டத்துக்கும் இடையிலுள்ள ஒற்றையடிப் பாதையிலோ, கசிப்புக் குடித்துவிட்டு வரும் உறவினரிடத்திலோ இருக்கலாம். தம்மைப் பாதிக்கும் விஷயங்களில் அபிப்பிராயம் சொல்லும் உரிமையைப் பிள்ளைகளுக்கு அளிக்கும் சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 12ஆம் உறுப்புரையை இலங்கை ஏற்றது 1991இல். அந்த வாக்கு தோட்டத்துப் பிள்ளைக்கும் கொடுக்கப்பட்டதே. ஆதலால், அவள் சொன்னதிலிருந்து பிறந்த முடிவுகளைத் தமிழில் எழுதி அந்தத் தோட்டத்திற்கே கொண்டுவந்து விளக்குவது, ஆய்வாளர் அவளுக்குச் செய்யும் உபகாரமன்று, அவர்மேல் உள்ள கடமை.